ஐம்பத்தெட்டுச் சீட்டுகள்

எங்கள் சனத்தின் கையில் மைக் கிடைத்தால் அதைத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை. சுவிஸின் பாடன் நகரில் வாடகைக்கு எடுத்த மண்டபமொன்றில் ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்க வேண்டிய பாராட்டு விழா, இரண்டேகாலுக்குத் தொடங்கி, மூன்றரைக்கும் நாலாவது பேச்சாளரிடமே நின்றது. மேடையின் நடுக்கதிரையில் கோசலா இருந்தாள். வயது முப்பத்தெட்டு. தொழில் சட்டத்தரணி. போன ஞாயிறு நடந்த தேர்தலில் மாநிலப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவள். கழுத்தில் விழுந்த மாலைகளின் பாரத்தில் பிடரி கடுத்தது. சிரித்துச் சிரித்துக் கன்னமும் நோகத் தொடங்கியிருந்தது.

வென்றது நாற்பத்தேழு வாக்கால். கட்சிப் பட்டியலுக்குக் கிடைத்தது ஒரேயோர் இடம். அந்த இடத்துக்கு அவளோடு முட்டி நின்றவள் வேறு கட்சிக்காரி அல்ல; அதே பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயராக இருந்த றெகுலா. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு பேரும் ஆறு கிழமையாக மழைக்குள் ரயில் நிலைய வாசலில் ஒன்றாக நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்கள். முடிவு வந்ததும் முதலில் கட்டிப்பிடித்து வாழ்த்தியவளும் றெகுலாதான். கண் கலங்கியிருந்ததை மறைக்கத் தெரியாத மனுசி.

மேடையில் பேசியவர்கள் எல்லாரும் "எங்கட ஜெகதீஸ்வரன் அண்ணையின்ர மகள்" என்றே தொடங்கினார்கள். கோசலாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முன்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை தாங்க முடியாத நேரங்களில் அவர் அப்படித்தான் இருப்பார்.

ஜெகதீஸ்வரன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அகதியாக வந்து, முதலில் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவர். கழுவிக் கழுவியே, டொச்சு என்று சனம் சொல்லும் ஜெர்மன் மொழி படித்தார். பிறகு பாடனில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் அவருடைய குசினி மேசை கந்தோராகிவிடும். வதிவிட அனுமதி, வேலை மாற்றம், பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடுகிற விண்ணப்பம் என்று சனம் கடித உறைகளோடு வரும். பலர் உறையைப் பிரித்தே இருக்கமாட்டார்கள். "அண்ணை, உதில என்ன கிடக்கு எண்டு பார்த்து எழுதிவிடுங்கோ" என்று நீட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். அவர் நிரப்பிவிட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார். வந்தவர்கள் அந்த இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக இதுதான் நடைமுறை.

ஒரேயொரு முறை பிழை நடந்தது. மரியதாஸ் என்பவர் தன் மனைவி மேர்சியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தில் ஒரு கட்டத்துக்குள் போடவேண்டிய புள்ளடி அடுத்த கட்டத்தில் விழுந்துவிட்டது. மேர்சி கொழும்பில் பதின்மூன்று மாதம் கூடுதலாகக் காத்திருந்தாள். மரியதாஸ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜெகதீஸ்வரன்தான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. அப்போது கோசலாவுக்குப் பதினொரு வயது. சட்டம் படிக்கவேண்டும் என்ற எண்ணம் அந்த இரண்டு நாளில்தான் அவளுக்கு வந்தது.

நினைத்ததைப் படித்தாள். சனம் வக்கீலுக்கான பழைய ஊர்ச் சொல்லால் "அப்புக்காத்துப் பிள்ளை" என்று கேலியும் கனிவுமாக அழைக்கத் தொடங்கியது. பன்னிரண்டு வருஷம் அகதி வழக்குகளில் வாதாடினாள். கொஞ்சத்தில் வென்றாள், கனக்கத் தோற்றாள். தோற்ற வழக்குகளில் பாதியில் நீதிபதியிடம் பிழையில்லை, சட்டத்திலேயே பிழை என்று கண்டபோதுதான், சட்டம் எழுதுகிற இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று தேர்தலில் இறங்கினாள். அந்த இடம் இப்போது கைக்கு வந்துவிட்டது.

தேத்தண்ணி நேரத்தில் மரியதாஸ் தட்டில் வடையோடு வந்து நின்றார்.

"பிள்ளை, இந்த முறை ஒரு கரைச்சலும் இல்லை. நான் உறையளைச் சேர்த்துக்கொண்டு வந்து குடுத்தன். அப்பா எல்லாத்தையும் எழுதித் தந்திட்டார். நாங்கள் கையெழுத்து வைச்சதுதான் வேலை."

கோசலாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன உறை மாமா?"

"வோட்டு உறைதான்! பின்னை என்ன? அம்பத்தெட்டுப் பேரின்ர உறை. ஒவ்வொண்டிலும் உன்ர பேர் ரெண்டு தரம்!"

இந்த நாட்டில் வாக்குச் சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். கட்சிப் பட்டியலில் அச்சடித்திருக்கும் பெயர்களில் ஒன்றை வெட்டிவிட்டு, விரும்பியவரின் பெயரை இரண்டாம் தரம் எழுதலாம். எழுதினால் அவருக்கு இரண்டு வாக்கு. எழுத ஏலாத ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து உதவினால் தப்பில்லை. ஆனால் ஒருவர் ஊராரின் சீட்டுகளைச் சேர்த்தெடுத்துத் தன் கையால் நிரப்பினால் அது குற்றம். ஐம்பத்தெட்டுச் சீட்டு, நூற்றுப் பதினாறு வாக்கு. அவள் வென்றது நாற்பத்தேழால்.

"எல்லாரும் எனக்குப் போடச் சொன்னவையோ?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? வேற ஆருக்குப் போடுறது?"

அதுவரை பேசாமல் பக்கத்தில் நின்ற மேர்சி வாயைத் திறந்தாள். ஐம்பத்தேழு வயது. முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. மூன்று முறை பரீட்சை எழுதி இந்தக் கோடையில்தான் சுவிஸ் குடியுரிமை எடுத்தவள்.

"குறை நினைக்காதை பிள்ளை. நான் உனக்கும் போட்டு, றெகுலா ரீச்சருக்கும் போட இருந்தனான். என்ர சின்னவன் வாய் திறக்காமல் இருந்த காலத்தில அவனைக் கதைக்க வைச்சது அந்த மனுசி. எழுதிப் பழகியும் வைச்சிருந்தன். என்ர முதல் வோட்டு எல்லே. அதுக்கிடையில இவர் உறையைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்."

"நீ சும்மா இரு. ரெண்டும் ஒரு கட்சிதானே" என்றார் மரியதாஸ்.

"ஓம், ஒரு கட்சிதான்" என்று மேர்சி ஒத்துக்கொண்டு கோப்பைகளை எடுக்கப் போய்விட்டாள்.

விழா முடிந்த கையோடு கோசலா பெற்றோர் வீட்டுக்குப் போனாள். அம்மா இரத்தினம்மா மாலைகளைத் தண்ணீர் தெளித்து வாளியில் வைத்துக்கொண்டிருந்தாள். கோசலா சப்பாத்தையும் கழற்றாமல் அப்பாவுக்கு முன்னால் போய் இருந்தாள்.

"அப்பா, வோட்டுச் சீட்டை நீங்களோ எழுதினீங்கள்?"

"ஓம். அதுக்கென்ன?"

"அது குற்றம் அப்பா."

அவர் சிரித்தார். "முப்பது வருஷமா எழுதிக் குடுக்கிறன். ஒருத்தரும் குற்றம் எண்டு சொல்லேல்லை. படிவம் எழுதத் தெரியாத சனத்துக்கு எழுதிக் குடுக்கிறது குற்றமோ? கையெழுத்து அவையின்ர. நான் ஆரின்ர கையெழுத்தையும் வைக்கேல்லை."

ஒரு கணம் கோசலாவுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மனுசன் தெரியாமல் செய்துவிட்டார். அவருக்கு எல்லாமே படிவம்தான். ஆனால் பன்னிரண்டு வருஷம் சாட்சிகளைக் கேள்வி கேட்ட வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ர பேரை ரெண்டாம் தரம் எழுத ஒரு பேரை வெட்ட வேணும். ஆரின்ர பேரை வெட்டினீங்கள்?"

ஜெகதீஸ்வரன் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"அப்பா."

"ஆரையாவது வெட்டத்தானே வேணும்."

"அம்பத்தெட்டிலும் ஒரே பேரோ?"

அவர் தலையைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவதானே உனக்குக் கிட்ட நிண்டவ" என்றார் மெதுவாக.

இனி, தெரியாமல் செய்தது என்று சொல்லித் தன்னையும் ஏமாற்ற முடியாது. றெகுலாவின் பெயரை ஐம்பத்தெட்டுத் தரம், ஒவ்வொரு சீட்டாக எடுத்து, நேர்கோடு போட்டு வெட்டியிருக்கிறார். மகளில் வைத்த ஆசையால்தான் செய்தார். அதை நினைக்கத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தேர்தல் முடிவு வெள்ளிக்கிழமை அரச இதழில் வெளியாகியிருந்தது. முறைப்பாடு கொடுக்க மூன்று நாள். நாளை திங்கட்கிழமையோடு அது முடிந்துவிடும். அதன்பிறகு அந்தக் கதிரையை யாரும் அசைக்க முடியாது.

"நீ வாயைத் திறக்காட்டி ஆருக்குத் தெரியும்?" என்றாள் இரத்தினம்மா. "எண்ணினவங்களே கண்டுபிடிக்கேல்லை. நீ ஏன் போய்ச் சொல்லோணும்? நாளைக்குப் பேப்பரில என்ன எழுதுவாங்கள் தெரியுமோ? தமிழர் கள்ள வோட்டுப் போட்டவை எண்டு எழுதுவாங்கள். உன்னால எல்லாற்ற பேரும் நாறும்."

அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கோசலாவுக்குக் கூடுதலாக வலித்தது.

"சட்டப்படி நீ சொல்லத்தான் வேணுமோ?" என்று ஜெகதீஸ்வரன் கேட்டார்.

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இல்லை அப்பா. பெத்த தகப்பனுக்கு எதிரா வாய் திற எண்டு ஆரும் என்னைக் கட்டாயப்படுத்தேலாது."

"அப்ப?"

"மேர்சி அன்ரி றெகுலாவுக்கு வோட்டுப் போட இருந்தவ. நீங்கள் அவவின்ர சீட்டில றெகுலாவை வெட்டியிருக்கிறீங்கள். அந்த வோட்டில ஏறிப் போய் நான் எப்பிடி அங்கை இருக்கிறது? சொல்லுங்கோ அப்பா."

அவர் மேசையில் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். போடவில்லை.

"நீ செய்யிறதைச் செய்" என்றார் கடைசியில். "சனத்தின்ர பேர் ஒண்டும் எழுதாதை. எழுதினது நான். என்ர பேரை மட்டும் எழுது." எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மகள் வெளிக்கிடும்போது அவர் வெளியே வரவில்லை. அவள் தனியாக இருக்கத் தொடங்கிய இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

திங்கட்கிழமை காலை, முறைப்பாட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோசலா முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இடைவேளை. றெகுலா முற்றத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றாள். கோசலா நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். வெட்டிய பெயரையும் சொன்னாள். றெகுலாவின் முகம் சிவந்து போனது. உன் அப்பா என்னை ஒருமுறையாவது கண்டிருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் கோசலா. இதை எனக்கு ஏன் வந்து சொல்கிறாய், நேரே கந்தோரில் கொடுத்திருக்கலாமே என்றாள் றெகுலா. பேப்பரில் பார்த்து நீ அறிய வேண்டாம் என்றுதான் என்று கோசலா சொன்னாள். மணி அடித்தது. றெகுலா கட்டிப்பிடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே போனாள். அதற்குமேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று கோசலா நினைத்துக்கொண்டாள்.

முந்தின இரவு முறைப்பாட்டை எழுதும்போது ஒரு வசனத்தில் மட்டும் அவளுடைய கை நின்றிருந்தது. 'சீட்டுகளை நிரப்பியவர்' என்று எழுதிவிட்டு, பெயரை எழுதி, அதற்குப் பின்னால் 'எனது தந்தை' என்று சேர்த்தாள். சேர்க்கத் தேவையில்லாத இரண்டு சொல். சேர்க்காமல் விட்டால் அவரை ஓர் அந்நியரைப் போலக் காட்டியதாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. வேறு ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கந்தோருக்குப் போய் அதைக் கொடுத்தாள்.

முத்திரையிட்ட பெட்டிகளைத் திறந்தார்கள். ஒரே கையால் எழுதிய சீட்டுகளைத் தேடிப் பிரிக்க ஒருநாள்கூட எடுக்கவில்லை. அவ்வளவு அழகான, சரிவில்லாத எழுத்து. ஐம்பத்தெட்டும் செல்லாது என்று தள்ளினார்கள். றெகுலா வென்றாள். ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். யார் யாருடைய சீட்டு என்று கேட்டதற்கு, எழுதியது நான், அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம் என்றாராம். தண்டக் கடிதம் வந்தது. மேல்முறையீடு செய்ய அவர் மகளைக் கேட்கவில்லை.

பேப்பர்களும் அம்மா சொன்னபடியே எழுதின. ஆனால் பேப்பரைவிடத் தமிழ்க் கடைகளில்தான் சூடு கூட. 'தகப்பனைக் காட்டிக் குடுத்தவள்' என்ற பேச்சு பாடனில் தொடங்கி நாட்டின் மேற்கே இருக்கும் நொஷாட்டல் நகர் வரைக்கும் போய்த் திரும்பியது. எங்கள் சனத்துக்கு அது சும்மா ஒரு சொல் இல்லை. ஊரில் யுத்தம் நடந்தபோது, அந்தச் சொல்லை மட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டி ஆட்களைச் சுட்ட காலமொன்று எங்களுக்கு இருந்தது. மாலை போட்ட கைகள் இப்போது கோசலாவைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போயின. மரியதாஸும் போனார். ஜெகதீஸ்வரன் வெளியே இறங்குவதையே விட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் அந்த வீட்டு மணி அடிக்கவில்லை. தொலைபேசியில் அம்மா மட்டும் கதைத்தாள். அப்பா நித்திரை என்பாள். அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணியாக இருக்கும்.

மேர்சி மட்டும் ஒருநாள் வேலை முடிந்து கோசலாவின் அலுவலகத்துக்கு வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? என்ர வோட்டுக்கு இப்ப என்ன நடந்தது?"

"செல்லாது எண்டு எடுத்துப்போட்டினம், அன்ரி."

"அப்ப நான் இன்னும் வோட்டுப் போடேல்லை. அப்பிடித்தானே?"

கோசலா ஓம் என்று தலையாட்டினாள். சரியானதைத்தான் செய்தோம் என்று அத்தனை கிழமையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளுக்கு அந்தக் கேள்விதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்றாள்.

"நீ என்ன செய்தனி? அண்ணையைத்தான் கேக்க வேணும். அங்கை போய்க் கேட்டுட்டுத்தான் இஞ்சை வாறன்" என்றாள் மேர்சி. அவள் போய்க் கேட்டபோது ஜெகதீஸ்வரன் என்ன சொன்னார் என்று கோசலா கேட்கவில்லை. மேர்சியும் சொல்லவில்லை.

தை மாதம், மாநிலத் தலைநகரான ஆராவ் நகரில் புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்கிற நாள் வந்தது. போகாமல் விடத்தான் கோசலா நினைத்திருந்தாள். பிறகு, தோற்றவள் ஒளித்திருக்கிறாள் என்று றெகுலா நினைக்கக்கூடாது என்று வெளிக்கிட்டாள். பார்வையாளர் மாடத்தின் படியேறியவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். முதல் வரிசையில் அப்பா இருந்தார்.

கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, தலை வாரி, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராக இருந்தார். இந்த மூன்று மாதத்தில் நன்றாக மெலிந்துவிட்டார். கோசலா போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம். ரெயினில."

கீழே ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். கொஞ்சநேரம் கழித்து அவரே கதைத்தார்.

"அம்பத்தெட்டுத் தரம் வெட்டின பேர். ஆளை ஒருக்கால் நேரில பார்க்க வேணும் எண்டு நினைச்சன்."

றெகுலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிற உடுப்பில் அவள் எழுந்து நின்று, தெளிவான குரலில் உறுதி சொன்னாள். ஜெகதீஸ்வரன் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார். அவள் கதிரையில் இருந்த பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"இவவின்ர இடம் இவவிட்டை வந்திட்டுது" என்றார். "மேர்சி வந்து கேட்டவள். 'அண்ணை, என்ர வோட்டைத் தாங்கோ' எண்டு. ஒரு கோவமும் இல்லாமல் கேட்டவள். முந்தி மாறிப்போட்ட புள்ளடிக்குக்கூட நான் திருப்பி ஒரு விண்ணப்பம் போட்டனான். இதுக்கு என்னத்தைப் போடுறது?"

முதன்முறையாக மகளைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"நீ அப்புக்காத்து. சொல்லு பிள்ளை. அவளின்ரதைத் திருப்பிக் குடுக்கச் சட்டத்தில ஏதும் வழி கிடக்கோ?"

மேர்சி வந்து போன அன்றிலிருந்து கோசலா அதைத்தான் புத்தகம் புத்தகமாகத் தேடியிருந்தாள்.

"இல்லை அப்பா" என்றாள்.